முடிந்துபோன ஃபைனலுக்கு நீ சொன்ன பதினொரு பேர்

1998 ஆகஸ்ட் 16, ஞாயிற்றுக்கிழமை. காலை 10 மணி 40 நிமிடம். நம் கம்ப்யூட்டர் கால்பந்தில் இருபத்தோராவது சீசன். இதுவரை 1,163 ஆட்டங்கள் முடிந்திருக்கின்றன. 1,164-ஆவது ஆட்டம் திரையில் நிற்கிறது. ஐரோப்பியக் கோப்பை ஃபைனல். ஒரு பொத்தானை அழுத்தினால் ஆரம்பித்துவிடும். கால் மணி நேரமாக அழுத்தாமல் உட்கார்ந்திருக்கிறேன். என்னைத் தெரிந்த உனக்கு இதுவே ஆச்சரியமாக இருக்கும்.

காரணம் இதற்கு முந்தின திரையில் வந்த ஒரு வரி. நம் கோல்கீப்பர் இந்த சீசன் முடிந்ததும் ஓய்வு பெறப்போகிறான். வயது முப்பத்தேழு. பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்து, கீழே அடுத்த திரைக்குப் போக ஒரு கட்டம். மற்றவர்கள் ஓய்வு பெற்றபோதும் இதே ஒரு வரிதான் வந்தது. தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தேன். ஆனால் இவன் நீ வாட்ச்மேன் என்று பெயர் வைத்தவன். நீ சொன்ன பதினொரு பேரில் மிச்சம் இருப்பவன் இவன் ஒருவன்தான்.

நீ போய் ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆகிறது. உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. சுற்றி வளைக்க எனக்கு வராது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு "ஃபைனல் இருக்குல்லா?" என்று நீ கேட்டாய். "இருக்கு" என்றேன். இல்லை. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையே அதை ஆடி முடித்திருந்தேன். இரண்டு கோலில் தோற்றோம். நீ கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பெயராகச் சொல்ல, நான் எழுதிக்கொண்ட அணி, முடிந்துபோன ஆட்டத்துக்கான அணி.

இதை இன்றைக்கு எழுதுவதற்குக் காரணம் வாட்ச்மேன் மட்டும் இல்லை. உன் அப்பாவும்தான். அவருக்கும் அதே பொய்யைத்தான் சொல்லி வைத்திருக்கிறேன். அதற்கு வருகிறேன்.

நீ எங்கள் கம்ப்யூட்டர் சென்டருக்கு முதலில் வந்தது 1994-இல். பாளையங்கோட்டையில் மாடியில் மூன்று அறை, ஐந்து கம்ப்யூட்டர். நான் பாலிடெக்னிக் முடித்துவிட்டு அங்கே பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிறு காலையில் தனி வகுப்பு. விக்கிரமசிங்கபுரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வந்து இறங்குவாய். மில்லில் ஸ்பின்னிங் பிரிவு. சனிக்கிழமை மூன்றாவது ஷிப்டு முடித்துவிட்டு வீட்டுக்குப் போகாமல் நேராக வந்த நாட்களில் தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கும். செருப்பை வெளியே விட்டுவிட்டு வரச் சொல்வது எங்கள் சென்டர் வழக்கம். உன்னை மட்டும் தலையையும் தட்டிவிட்டு வரச் சொன்னேன். பஞ்சு ஃப்ளாப்பி டிரைவுக்குள் போனால் யார் பதில் சொல்வது? நீ கோபப்படவில்லை. படிக்கட்டில் நின்று தலையைக் குனிந்து உதறிவிட்டு, "வாத்தியாரே, காலையும் கழட்டி வெளியே வச்சுட்டு வரவா?" என்று கேட்டாய். வகுப்பே சிரித்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது. வயது ஒன்றுதான் நமக்கு, ஆனால் கடைசிவரை நீ என்னை வாத்தியாரே என்பதை விடவில்லை. அதில் மரியாதை எத்தனை சதவீதம், கிண்டல் எத்தனை சதவீதம் என்று எனக்குத் தெரியும்.

வகுப்பு முடிந்தபிறகு நான் ஒரு ஓரமாக அந்த கால்பந்து கேமைப் போட்டுக்கொண்டிருந்தேன். மெட்ராஸிலிருந்து மூன்று ஃப்ளாப்பியில் வந்தது. நீ பின்னால் வந்து நின்றாய். ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, "பந்து எங்கலே?" என்று கேட்டாய். பந்து கிடையாது, இது மேனேஜர் வேலை, அணியை நாம் தேர்வு செய்ய வேண்டும், ஆளை வாங்க வேண்டும், விற்க வேண்டும், ஆட்டத்தை மிஷினே ஆடிவிடும், நடப்பது எழுத்தில் ஓடும் என்று விளக்கினேன். சென்டர் ஓனருக்கும் முன்பே இதே விளக்கத்தைக் கொடுத்து, அவர் தலையில் அடித்துக்கொண்டு போயிருந்தார். நீ அப்படிப் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய். "நம்ம சூப்பர்வைசர் வேலை மாதிரில்லா இருக்கு. ஓடுறவன் எவனோ, திட்டு வாங்குறவன் நாம" என்றாய்.

நீ நிஜமாகவே பந்து ஆடியவன். முழங்கால் போகும்வரை உங்கள் தெரு அணியில் வலப்பக்கம் தடுத்து ஆடுகிற ரைட் பேக். நான் வாழ்க்கையில் ஒரு பந்தைக்கூட உதைத்தது இல்லை. எனக்கு அது எண்கள். எந்த ஆளுக்கு எந்தத் திறமையில் எத்தனை மதிப்பெண், எந்த அமைப்பில் எத்தனை கோல். உனக்கு அவர்கள் ஆட்கள். இங்கிலாந்தின் ஆகக் கீழ்ப் பிரிவில் பெயர் தெரியாத ஒரு கிளப்பை நீதான் தேர்ந்தெடுத்தாய். அவர்களின் இங்கிலீஷ் பெயர்கள் உன் வாயில் நுழையவில்லை. அதனால் நீயே பெயர் வைத்தாய். இடப்பக்கம் ஓடுகிறவன் பாபநாசம் பஸ். பந்தோடு ஏறிவிட்டால் கடைசி ஸ்டாப் வரை இறங்க மாட்டான், யாருக்கும் கொடுக்க மாட்டான். கனத்த உடம்போடு கோல் முன்னால் நிற்கிறவன் அண்ணாச்சி. கடையை விட்டு நகரமாட்டான், ஆனால் வருகிற சரக்கை விடமாட்டான். இரண்டாவது சீசனில் பதினெட்டு வயதில் வந்த கோல்கீப்பர் வாட்ச்மேன். தூங்குவான், ஆனால் திருடன் வந்தால் மட்டும் விழித்துக்கொள்வான்.

விதிகளும் உன்னுடையவைதான். இருபத்தொரு வயதுக்கு மேல் யாரையும் வாங்கக் கூடாது. ஆடிய இடம்வரை சேமித்து வைக்கும் சேவ் ஃபைல் ஒன்றுதான். தோற்றால் பழைய இடத்திலிருந்து மறுபடி ஆடக் கூடாது. நான்காவது விதி, நீ இல்லாமல் நான் ஆடக் கூடாது என்பது, நான் செய்த தப்பினால் வந்தது. ஒரு புதன்கிழமை வகுப்பு இல்லாத நேரத்தில் நான் தனியாக மூன்று ஆட்டம் ஆடிவிட்டேன். மூன்றும் வெற்றிதான். நீ வந்து பார்த்துவிட்டு சேவ் ஃபைலை ஃப்ளாப்பியில் எடுத்து, ஹார்ட் டிஸ்கில் இருந்ததை என் கையாலேயே அழிக்கச் சொன்னாய். அதிலிருந்து ஃப்ளாப்பி உன்னோடு விக்கிரமசிங்கபுரம் போய், அடுத்த ஞாயிறு உன்னோடு திரும்பி வந்தது. வளையாமல் இருக்க ஒரு நீல சோப்பு டப்பாவில் வைத்துக்கொள்வாய். ஃப்ளாப்பி அதற்குள் முழுதாகப் போகாது. மூடி திறந்தபடி ரப்பர் பேண்டு போட்டிருக்கும்.

ஆறாவது சீசனில் எனக்கு அலுத்துவிட்டது. முதல் பிரிவுக்கு வந்துவிட்டோம், கீழே இறங்கவும் இல்லை, மேலே ஏறவும் இல்லை. நடுவில் ஒன்பதாவது, பத்தாவது இடம். விதிகளைத் தூக்கிப் போடலாம், பெரிய கிளப்புக்குப் போகலாம், இல்லையென்றால் சீசனை வேகமாக ஓட்டிவிடலாம் என்றேன். வர்ணனை எழுத்தின் வேகத்தைக் கூட்டிவைத்தால் ஒரு ஆட்டம் இரண்டே நிமிஷம். ஆகக் குறைந்த வேகத்தில் பன்னிரண்டு நிமிஷம். நீ குறைந்த வேகத்தைத் தவிர எதையும் ஒப்புக்கொள்ளமாட்டாய். என் கை வேகத்தைக் கூட்டப் போகும்போதெல்லாம் தட்டிவிடுவாய்.

"எதுக்குலே இந்தப் பறப்பு பறக்க? பைய ஓட்டு. ஸ்கோரை மட்டும் பாக்கணும்னா பேப்பர்ல பாத்துக்கிடலாமே."

அப்போதுதான் அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தாய். ஞாயிறு ஒரு மணிக்கு நிறுத்தும்போது ஒருபோதும் முடிந்த இடத்தில் நிறுத்துவது இல்லை. அடுத்த ஆட்டத்துக்கு அணியைத் தேர்ந்து, உத்தி சொல்லி, எல்லாம் தயாராக வைத்துவிட்டு, ஆரம்பிக்கும் பொத்தானை மட்டும் அழுத்தாமல் சேவ் செய்வோம். சீசன் முடிவில் நிறுத்தவே கூடாது. முடிந்தால் புது சீசனின் முதல் ஆட்டம் வரை போய்த்தான் நிற்க வேண்டும். எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. முடித்துவிட்டுப் போனால் நிம்மதிதானே என்றேன். மில்லில் ஷிப்டு மாறும்போது மிஷினை நிறுத்துவது இல்லை என்று சொன்னாய். ஓடிக்கொண்டிருக்கும்போதே கைமாற்ற வேண்டும், எந்த ஸ்பிண்டிலில் நூல் அறுந்திருக்கிறது என்று கையைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

"நிப்பாட்டிக் குடுத்தேன்னு வையி, அடுத்தவன் அதை ஓட்டவே அரை ஷிப்டு போயிரும். ஓடுத மிஷினைக் குடுத்தா அவன் வந்ததும் கையைத்தான் நீட்டணும்."

வேலை செய்தது. அதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். வாரம் முழுக்க அந்த ஆடப்படாத ஆட்டம் தலையில் கிடக்கும். வகுப்பில் சுழல் கட்டளையை விளக்கிக்கொண்டிருக்கும்போது, அண்ணாச்சியை முதலில் இறக்கியது சரியா என்று யோசிப்பேன். சனிக்கிழமை வந்தால் கை அரிக்கும். எத்தனை வருஷம் ஆடினாலும் அலுக்காத ஒன்றை ஒரு ஷிப்டு தொழிலாளி செய்துகாட்டிவிட்டான், நான் படித்த படிப்பில் அது இல்லை. இதை உன்னிடம் ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பதினான்காவது சீசனில், 1996 மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால், உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஐரோப்பியக் கோப்பையில் முதல் தடவையாகக் காலிறுதியைத் தாண்டியிருந்தோம். இரண்டு ஞாயிறு நீ வரவில்லை. எனக்கு எழுந்த முதல் எண்ணம், உனக்கு கேம் அலுத்துவிட்டது என்பதுதான். மூன்றாவது ஞாயிறு காலையில் விக்கிரமசிங்கபுரம் பஸ் கண்டக்டர் ஒருவர் மாடி ஏறி வந்து நீல சோப்பு டப்பாவைக் கொடுத்தார். உள்ளே ஃப்ளாப்பியும் ஒரு சீட்டும். மஞ்சள் காமாலை, டாக்டர் ஒரு மாதம் படுக்கச் சொல்லிவிட்டார், நீ ஆடு, ஆனால் ஃபைனலுக்கு வந்துவிட்டால் அங்கே நிறுத்திவிடு, நான் வரவேண்டும் என்று எழுதியிருந்தாய். 'நிறுத்திவிடு' என்பதன் அடியில் இரண்டு கோடு.

அன்றைக்கு ஏழு ஆட்டம் ஆடினேன். அரையிறுதியில் வென்றோம். மணி பன்னிரண்டே முக்கால். ஃபைனல் திரையில் வந்து நின்றது. அணி தேர்ந்தாயிற்று. அங்கே சேவ் செய்து நிறுத்தியிருக்க வேண்டும்.

இந்த இடத்தில் எனக்கு நல்லபெயர் வாங்கித் தரும் ஒரு விளக்கம் உண்டு. உன் முன்னால் வெற்றியோடு வந்து நிற்க ஆசைப்பட்டேன் என்பது. அது கால் பங்குதான் உண்மை. மிச்சம் முக்கால் பங்கு, என்னால் ஒரு ஆட்டம் மிச்சம் இருப்பதைத் தாங்க முடியவில்லை. நீ இல்லாத ஞாயிறுகளில் அந்த மிச்சம் சுகமாக இல்லை, அரிப்பாக இருந்தது. வேகத்தை முழுக்கக் கூட்டினேன். பொத்தானை அழுத்தினேன். அது ஓடும்போது கீழே இறங்கி டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது 0-2 என்று நின்றுகொண்டிருந்தது. கை தன் பழக்கத்தில் சேவ் செய்துவிட்டது. ஆட்டம் முடிந்ததும் அந்த இரண்டு விசைகளை அழுத்துவது எனக்கு மூச்சு மாதிரி. அழுத்தியபிறகுதான் அழுத்தினேன் என்று தெரிந்தது. சேவ் ஃபைல் ஒன்றுதான். திரும்பிப் போக இடம் இல்லை. கோலை அடித்தது யார், எந்த நிமிஷம், வாட்ச்மேன் விழித்திருந்தானா, எதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்தது ஸ்கோர் மட்டும்.

அடுத்த சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்தேன். வீட்டிலிருந்து உன்னை அங்கே மாற்றியிருந்தார்கள். கண் மஞ்சளாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். உள்ளங்கையும் மஞ்சளாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. உன் அப்பா கட்டில் பக்கத்தில் மோர்த் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் பஸ்ஸில் வரும்போது நினைத்திருந்தேன். சேரன்மகாதேவி தாண்டும்போது வாக்கியத்தைக்கூடத் தயார் செய்துவிட்டேன். நீ வாயைத் திறந்து முதலில் கேட்டது நான் சாப்பிட்டேனா என்று இல்லை.

"ஃபைனல் இருக்குல்லா?"

"இருக்கு."

"ஆடிரலையே? நீ பறக்குத ஆளு."

"ஆடலை. சொன்னேம்லா."

உன் அப்பாவுக்கு நிஜமான ஆட்டம் என்று நினைப்பு. எந்த ஊரில் நடக்கிறது, கல்லிடைக்குறிச்சி மைதானத்திலா என்று கேட்டார். நீ சிரித்தாய். சிரித்தால் வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாய். இது கம்ப்யூட்டருக்குள் நடக்கிற ஆட்டம் என்று சொன்னாய். அவர், உள்ளேயே நடந்தால் மழை வந்தாலும் நிற்காது, நல்லதுதான் என்றார்.

பிறகு எழுதிக்கொள்ளச் சொன்னாய். என் சட்டைப் பையில் சென்டர் பிரிண்டரில் எடுத்த ஒரு தாள் இருந்தது, அதன் பின்பக்கத்தில் எழுதினேன். நீ கண்ணை மூடிக்கொண்டு சொன்னாய். பின்னால் நான்கு பேர், நடுவில் நான்கு பேர், அதில் இடப்பக்கம் பாபநாசம் பஸ், அண்ணாச்சியும் இன்னொருவனும் முன்னால், கோலில் வாட்ச்மேன். ஒவ்வொருவனுக்கும் ஒரு குறிப்பு. மூச்சு வாங்கியது. போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "நீ என்னத்தைப் பாப்பே, ஸ்கோரைப் பாப்பே" என்றாய். சரியாகத்தான் சொன்னாய். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு பெயரையும் எழுதும்போது, இவனும் ஏற்கெனவே தோற்றுவிட்டான், இவனும் தோற்றுவிட்டான் என்று ஓடிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு நாள் கழித்துப் போய்விட்டாய். ஆற்றில் தண்ணீர் படித்துறையின் மேல் படி வரை வந்திருந்தது. மில் ஆட்கள் நிறையப் பேர் ஷிப்டு உடையோடு வந்திருந்தார்கள். நான் ஓரமாக நின்றேன். இதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நான் வந்தபோது உன் அப்பா என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்.

"ஏ தம்பி, அவன் சொன்னாம்லா, அந்த மேட்சு. ஆடியாச்சா?"

"இன்னும் இல்லப்பா."

இரண்டாவது தடவை பொய் சொல்வது சுலபமாக இருந்தது. அவர் தலையை ஆட்டினார். ஆடியதும் ஒரு எட்டு வந்து சொல்லிவிட்டுப் போ என்றார். அவருக்கு அது மகன் விட்டுப்போன ஒரு வேலை. முப்பது வருஷம் மில்லில் ஷிப்டு பார்த்த மனிதர். விட்டுப்போன வேலையை அடுத்த ஆள் எடுத்துக்கொள்வான் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

நான் அதற்குப் பிறகு நாலு மாதம் கேமைத் தொடவில்லை. அழித்துவிடத்தான் இருந்தேன். அழிக்கும் கட்டளையைத் தட்டி, கடைசி விசையை மட்டும் அழுத்தாமல் ஒரு நாள் எழுந்து போனேன். பிறகு உன் அப்பா கண் காட்ட பாளையங்கோட்டை வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக சென்டருக்கு வந்து, செருப்பைப் படியில் கழற்றிவிட்டு, கண்ணில் மருந்து ஊற்றிய நிலையில் சுவரைத் தடவிக்கொண்டே உள்ளே வந்து கேட்டார். ஆடியாச்சா? அன்றைக்குச் சாயங்காலம் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஃபைனலை மறுபடி ஆட முடியாது. ஆனால் இன்னொரு ஃபைனலுக்குப் போக முடியும். அதில் நீ சொன்ன ஆட்களை இறக்க முடியும். அப்போது உன் அப்பாவிடம் ஆடியாச்சு என்று சொல்வது பொய்யாகாது. என் மூளை அப்படித்தான் வேலை செய்தது. பிழையைத் திருத்த முடியாவிட்டால் அதைச் சுற்றி ஒரு வழி போடுவது என் தொழில்.

ஒரே சேவ் ஃபைலை இத்தனை சீசன் விடாமல் எப்படி ஓட்டுகிறீர்கள் என்று சென்டரில் பையன்கள் கேட்கிறார்கள். அவர்கள் இரண்டு சீசனில் விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு உன் ஓடுகிற மிஷின் வழியைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், அது பலிக்கிறது. ஆனால் என்னை ஓட்டியது அது இல்லை. என்னிடம் இருந்தது கெடு. அந்தப் பதினொரு பேருக்கும் வயது ஏறிக்கொண்டிருந்தது. பதினைந்தாவது சீசனில் காலிறுதியில் தோற்றோம், அண்ணாச்சி ஓய்வு பெற்றான். பதினேழில் முதல் சுற்றிலேயே தோற்றோம், பாபநாசம் பஸ் உட்பட நான்கு பேர் ஓய்வு பெற்றார்கள். பத்தொன்பதில் அரையிறுதி, கூடுதல் நேரத்தில் தோல்வி. அப்படி ஒரு இரவு எதிரிக்கும் வேண்டாம் என்று சொல்வார்கள். எனக்கு அது ஒரு பகல், ஞாயிறு பதினொன்றரை மணி, வெளியே நல்ல வெயில். ஒருமுறைகூட மறுபடி ஆடவில்லை. வேகத்தைக் கூட்டவில்லை. நீ இருந்தபோது மீறிய எல்லா விதியையும் நீ போனபிறகு ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

இந்த வருஷம் ஜூன் மாதம் உன் அப்பா மறுபடி வந்தார். இடக்கண்ணில் பார்வை குறைந்துகொண்டே வருகிறது என்றார். நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு வழக்கமான கேள்வியைக் கேட்டார். இல்லை என்றேன். அவர் வேறு ஒன்று கேட்டார்.

"அவன் சொன்ன ஆளுக எல்லாம் இருக்காவளா?"

"ஒருத்தன் இருக்கான்ப்பா. கோல்கீப்பர்."

"அவனும் போறதுக்குள்ள ஆடிருங்க தம்பி."

அதனால்தான் இந்த சீசன் முழுக்க வாட்ச்மேனையே கோலில் நிறுத்தினேன். அவன் கை வழுக்குகிறது. சராசரி மதிப்பெண் பத்துக்கு ஆறுகூட இல்லை. பெஞ்சில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் ஏழுக்கு மேல் வைத்திருக்கிறான். லீக்கில் பதினொரு ஆட்டத்தை வாட்ச்மேன் கையால் இழந்தோம். நான் எண்ணி வைத்திருக்கிறேன். அரையிறுதியில் மூன்று கோல் விட்டான். நாலு அடித்ததால் தப்பித்தோம். எண்களை நம்பி வளர்ந்தவன் நான், எண்களுக்கு எதிராக ஒரு சீசன் முழுக்க ஒரு ஆளை நிறுத்தியிருக்கிறேன், அது உனக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்துக்கொண்டு.

இன்று காலை, அந்த ஓய்வுச் செய்தி வந்தபிறகு, ஆஸ்பத்திரியில் நீ சொல்ல எழுதிய தாளை எடுத்துப் பிரித்தேன். அணியை அதிலிருந்தே எடுக்க வேண்டும் என்று இல்லை, பத்து பேர் இல்லை என்று தெரியும். சும்மாதான் எடுத்தேன். இத்தனை நாளும் நான் அதில் படித்தது பெயர்களை மட்டும். பெயர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் குறிப்புகள் என் கையெழுத்துதான், அவசரத்தில் சுருக்கிச் சுருக்கி எழுதியவை. கோல்கீப்பர் பெயருக்குப் பக்கத்தில் '20 நிமி. வழுக்கினா மாத்து' என்று இருக்கிறது. அதைப் பார்த்ததும் நீ சொன்னது முழுதாக நினைவுக்கு வந்தது. கண்ணைத் திறந்து, என்னைப் பார்த்துச் சொன்னாய்.

"அவன் நம்ம ஆளுதான். அதுக்காவ? முத இருவது நிமிசம் பாரு, கை வழுக்குச்சுன்னா மாத்திரு. பேருக்காவ ஒருத்தனை நிப்பாட்டாதலே, அவனுக்குத்தான் அசிங்கம்."

அப்போது அவனுக்கு முப்பது வயது, நல்ல நிலையில் இருந்தான். அப்போதே அதைச் சொன்னாய். பதினொரு பேர் மாறாமல் இறங்க வேண்டும் என்று நீ கேட்கவே இல்லை. நீ கேட்டது ஒன்றுதான்: ஆட்டத்தைப் பார்க்கச் சொன்னாய். ஆள் பட்டியலை வைத்துக்கொண்டு ஒன்றரை வருஷம் நான் ஓடியது, இன்னொரு ஃபைனலைக் கொண்டு முதல் ஃபைனலை மூடத்தான். நீ அதைக் கேட்கவில்லை, உன் அப்பாவும் கேட்கவில்லை. ஆடியாச்சா என்று கேட்டார். ஆடியாச்சு என்பதுதான் அன்றைக்கே உண்மையான பதில்.

ஃபைனல் இன்னும் திரையில் நிற்கிறது. மணி 11:25. எதிரணி நம்மைவிட நல்ல அணி. இனி செய்யப்போவது:

1. கோலில் பத்தொன்பது வயதுப் பையனைப் போடுவேன். வாட்ச்மேன் பெஞ்சில் உட்காருவான்.

2. வர்ணனையை ஆகக் குறைந்த வேகத்தில் வைப்பேன். நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன். டீ கிடையாது.

3. யார் அடித்தது, எந்த நிமிஷம், யார் கொடுத்த பந்து, எல்லாவற்றையும் எழுதுவேன். கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும்.

4. ஒரே ஒரு தடவை சேவ். தோற்றால் தோற்றதாகவே.

5. நாளைக்கு லீவு சொல்லிவிட்டு, முதல் பஸ்ஸில் விக்கிரமசிங்கபுரம்.

6. உன் அப்பா கேட்பார். இந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் அந்த ஆட்டத்தைச் சொல்வேன். 0-2, பார்க்கவில்லை, டீக்கடையில் இருந்தேன், உங்கள் மகனிடமும் உங்களிடமும் பொய் சொன்னேன். இந்த வரிசையில்.

7. அவர் எழுந்து உள்ளே போய்விட்டால், திரும்பி வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.